ஒத்துழைப்பாம்! எந்த மொழியில்?

"தொழிலமைதி", "தொழிலுறவு", "ஒத்துழைப்பு" என்னும் சொற்கள் இக்கால் பல்கலைக்கழக அரங்குகளிலும் ஆட்சியாளர் அறிக்கைகளிலும் முதலாளிமார் மாநாடுகளிலும் ஓயாது ஒலிக்கின்றன. தொழிலாளியும் தொழில் நடத்துவோனும் ஒருவரையொருவர் பகையாகக் கருதாமல் ஒரு வீட்டார்போல் இணங்கி வேலை செய்தால் தொழில் வளரும். தொழில் வளர்ந்தால் நாடு வளரும் என்கின்றனர். கேட்பதற்கு இனிய கருத்தே. இதனை ஆராய்வதற்கென்று துறைகள் இருக்கின்றன, பட்டங்கள் இருக்கின்றன, ஆண்டுதோறும் ஆய்வேடுகள் அடுக்கடுக்காய்க் குவிகின்றன. ஆயினும் அவ்வாய்வாளருள் பெரும்பாலோர் கேட்க மறந்த, அன்றிக் கேட்க விரும்பாத கேள்வி ஒன்றுண்டு. அதனை நாம் இங்குக் கேட்கின்றோம். இந்த ஒத்துழைப்பு எந்த மொழியில் நடைபெறப் போகின்றது?

இக்கேள்வியைச் சென்னையின் தென்புறத்திலிருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் உண்டு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், மறைமலைநகர் என்று நீளும் அப்பெருஞ்சாலையைத் தமிழுணர்வுடையார் எவரும் வெறுஞ்சாலையாகக் கருதார். பல்லாவரத்தில் வாழ்ந்துதான் மறைமலையடிகள் 1916ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்டார். இன்று தாம்பரத்தில் விளங்கும் கிறித்தவக் கல்லூரி, 1937ஆம் ஆண்டு இங்குக் குடிபெயர்வதற்கு முன், சென்னை நகருக்குள் இருந்த காலத்தில் பரிதிமாற்கலைஞரையும் அடிகளாரையும் தமிழாசிரியராகக் கொண்டிருந்த கல்லூரியாகும். சாலையின் தென்பாலோ அடிகளாரின் பெயராலேயே ஒரு தொழில்நகரம் நிற்கின்றது.

அதே சாலைதான் தொழிலாளர் சாலையும் ஆகும். குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே அங்கிருந்த தோல் பதனிடும் தொழிலகத்தால் வந்தது. பெருங்களத்தூரில் இசுடாண்டர்டு மகிழுந்துகள் உருவாயின. அத்தொழிலகம் 1980களின் இறுதியில் ஓய்ந்தது. மறைமலைநகரில் அமெரிக்கப் போர்டு குழுமம் மகிழுந்து செய்து, 2022ஆம் ஆண்டு அவ்வேலையை நிறுத்தியது. தாம்பரத்தில் 1984ஆம் ஆண்டு நடுவணரசு ஏற்றுமதிக்கென்றே ஒரு தனி வளாகம் அமைத்தது. மக்கள் அதனை மெப்சு என்பர். ஆடை தைப்போரும் மின்னணுக் கருவிகளைப் பொருத்துவோருமாக அங்குப் பணியாற்றுவோருள் மகளிரே பெருந்தொகையினர். விடியலில் மின்தொடர்வண்டியிலும் குழுமப் பேருந்துகளிலும் வந்திறங்கும் அம்மகளிர், வண்டியில் தமிழ் பேசுகின்றனர். வாயிலில் தமிழ் பேசுகின்றனர். பொறியின் முன் அமர்ந்து அருகிலிருப்பவளிடம் தாழ்ந்த குரலில் தமிழே பேசுகின்றனர். ஆனால், அவர்தம் வாழ்வைக் கட்டுப்படுத்தும் தாள் எந்த மொழியில் இருக்கின்றது என்பதே நம் வழக்கு.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை முதலில் பார்ப்போம். வெள்ளையன் ஆட்சியின் கடைசிக் காலமான 1946ஆம் ஆண்டு, தொழிலக நிலையாணைச் சட்டம் இயற்றப்பட்டது. வேலைநேரம், விடுப்பு, பணிமுறை மாற்றம், எது குற்றம், குற்றத்திற்கு என்ன ஒறுப்பு, எப்படிப் பணிநீக்கம் என்பனவற்றையெல்லாம் முதலாளி தன் விருப்பம்போல் நாளுக்கொன்றாய்ச் சொல்லாமல், எழுதி வைத்து அலுவலரிடம் ஒப்புதல் பெறவேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்க்கருத்து. அதன் 9ஆம் பிரிவை நம் தொழிலாளர் ஒவ்வொருவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ளவேண்டும். ஒப்புதல் பெற்ற நிலையாணைகளை ஆங்கிலத்திலும், தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்கு விளங்கும் மொழியிலும், வாயிலிலோ அதனருகிலோ அதற்கென வைத்த பலகைகளில் எல்லாரும் காணுமாறு முதலாளி ஒட்டிவைக்கவேண்டும் என்று அப்பிரிவு கட்டளையிட்டது. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் பெரும்பான்மையோர்க்கு விளங்கிய மொழி எது? தமிழன்றி வேறெது? ஆக, தமிழ் வேண்டும் என்று நாம் கேட்பது வெறும் மொழிப்பற்றர் ஆரவாரம் என்று எவரும் எள்ளற்க. ஆங்கிலேயன் இயற்றிய சட்டமே ஒப்புக்கொண்ட உரிமை அது.

அடுத்து, 1947ஆம் ஆண்டின் தொழிற்பூசல் சட்டம். நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிலகத்தில் பணிக்குழு ஒன்றை அமைக்குமாறு அரசு ஆணையிடலாம் என்று அதன் 3ஆம் பிரிவு கூறியது. தொழிலாளர் சார்பினர் முதலாளி சார்பினருக்கு எண்ணிக்கையில் குறையாது அதில் அமரவேண்டும். இரு சாராரிடையே நட்பையும் நல்லுறவையும் வளர்ப்பதே அக்குழுவின் பணி. 1976ஆம் ஆண்டு அரசியற் சட்டத்திலேயே 43அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, தொழிலக மேலாண்மையில் தொழிலாளர் பங்கு பெற அரசு வழிசெய்யவேண்டும் என்று நெறி வகுக்கப்பட்டது. எனவே, ஒத்துழைப்பு என்பது பேராசிரியர்கள் புதிதாய்க் கண்டுபிடித்த மருந்து அன்று. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தில் எழுதிக் கிடக்கும் மருந்து. நோயாளிக்கு விளங்காத மொழியில் அதைச் சீட்டெழுதி வைத்திருப்பதால்தான் அது வேலை செய்யவில்லை.

ஒரு பணிக்குழுக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். மேசையின் ஒருபுறம் மேலாளரும் ஆள்வினை அலுவலரும் அமர்கின்றனர். மறுபுறம் தைப்பவளும் பொருத்துபவனும் அமர்கின்றனர். கூட்டப் பொருள்நிரல் ஆங்கிலம். முன்கூட்டத்தின் பதிவேடு ஆங்கிலம். உற்பத்திக் கணக்கு ஆங்கிலம். பேசுவது மட்டும் இடையிடையே தமிழ். கூட்டம் முடிந்ததும் பதிவேடு நீட்டப்படுகின்றது, கையொப்பம் வாங்கப்படுகின்றது. தான் சொன்னது எழுதப்பட்டதா, சொல்லாதது எழுதப்பட்டதா என்று அத்தொழிலாளிக்கு எப்படித் தெரியும்? எண்ணிக்கையில் இரு சாராரும் ஒன்றாயினர். மொழியிலோ ஒருவர் மேலானார், மற்றவர் கீழானார். கால்கள் இரண்டில் ஒன்றைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைப்பதற்கு ஒத்துழைப்பு என்று பெயரிடுவோமா?

இனி, குற்றச்சாட்டுத் தாளுக்கு வாருங்கள். ஒருவன்மீது குற்றஞ்சாட்டினால் அக்குற்றம் இன்னதென்று அவனுக்கு விளங்கவேண்டும் என்பது உலகெங்கும் முறைமன்றங்கள் ஒப்பிய இயற்கை நெறி. விளங்காத மொழியில் குற்றஞ்சாட்டி, விளங்காத மொழியில் உள் உசாவல் நடத்தி, அதன் முடிவைப் படிக்கமுடியாதவன் கையில் பணிநீக்க ஆணையைத் திணித்தால், அதற்கு முறை என்று பெயர் இருக்கலாம். அறம் என்று பெயர் இருக்க முடியாது. வேலையில் சேரும் நாளிலேயே எழுதப்படாத தாள்களில் கையொப்பம் வாங்கி வைப்பதும், "இதில் போடு" என்று பணிவிலகல் மடலை நீட்டுவதும் நம் தொழிலகங்களில் எங்குமே நடவாதவை என்று எவரேனும் நெஞ்சில் கைவைத்துக் கூறமுடியுமா? படிக்கத் தெரிந்த மொழியில் அத்தாள் இருந்திருப்பின், எத்தனை கைகள் தயங்கி நின்றிருக்கும்!

இவ்விடத்தில்தான் ஆய்வாளர் நம்முன் வந்து நிற்கின்றார். சென்னைக்கும் அதன் தென்புறத்திற்கும் ஆய்வு நிலையங்களில் குறைவில்லை. அடையாற்றில் 1971ஆம் ஆண்டு மால்கம் ஆதிசேசையா தோற்றுவித்த வளர்ச்சி ஆய்வு நிறுவனம் உண்டு. தொழிலாளர் நிலைபற்றிக் கற்பிப்பதற்கென்றே தமிழ்நாட்டரசு 1973ஆம் ஆண்டு தொடங்கிய தொழிலாளர் கல்வி நிலையம் உண்டு. 1997ஆம் ஆண்டு தோன்றிய அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் உண்டு. இவையன்றித் தனியார் கல்லூரிகளும் மேலாண்மைப் பள்ளிகளும் தாம்பரத்தைச் சுற்றி மழைக்காலத்துக் காளான்போல் முளைத்துள்ளன. நல்லறிஞர்கள், தொழிலாளர்பால் உண்மையான பரிவுடையோர், இவற்றில் பலர் இருந்துள்ளனர்; இருக்கின்றனர். அதனை நாம் மறுக்கவில்லை. மெப்சு மகளிரின் உழைப்பைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. ஆனால், எம்மொழியில்?

ஆய்வு எப்படி நடைபெறுகின்றது என்று பாருங்கள். வினாத்தாள் ஆங்கிலத்தில் அணியமாகின்றது. ஆய்வு மாணவர் அதனைத் தமிழில் கேட்கின்றார். தையற்பெண் தமிழில் விடை சொல்கின்றாள். மாணவர் அதனை ஆங்கிலத்தில் எழுதிக் கொள்கின்றார். "வேலை எப்படியம்மா இருக்கிறது?" என்று கேட்டால், "ஏதோ போகிறது" என்கின்றாள் அவள். அந்த "ஏதோ" என்னும் சொல்லில் எத்தனை நாட் சோர்வு, எத்தனை விழுங்கிய சினம், வேறு வழியில்லாமை எத்தனை! ஆய்வேட்டின் கட்டத்திலோ "நிறைவு" என்பதற்கு நேரே ஒரு புள்ளி விழுகின்றது. இவ்வாறு நூறு "ஏதோ"க்களைக் கூட்டி, "இத்தொழிலகத்தில் ஒத்துழைப்பு நன்கு நிலவுகின்றது" என்று முடிவுரைத்தால், அம்முடிவு யாரைப் பற்றியது? தமிழ்ச் சொல்லின் உட்பொருளை அறியாத ஆய்வு, தமிழ்த் தொழிலாளியின் உள்ளத்தை அறியாத ஆய்வே என்க.

முடிவில் அவ்வாய்வேடு நூலகத்தின் நிலைப்பேழையில் உறங்குகின்றது. அன்றி, கடல் கடந்த இதழ் ஒன்றில் அச்சாகின்றது. ஆய்வாளர் முனைவராகின்றார், பேராசிரியர் உயர்பதவி பெறுகின்றார். விடை சொன்ன பெண்ணுக்கோ, தன்னைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பதே தெரியாது. தாம்பரத்திலிருந்து துணி ஏற்றுமதியாகின்றது, தோல் ஏற்றுமதியாகின்றது, இப்பொழுது தொழிலாளியின் துயரமும் ஏற்றுமதியாகின்றது. துணிக்காவது அவளுக்குக் கூலி கிடைத்தது. துயரத்திற்கு அதுவும் இல்லை.

நம் வரலாற்றை மறந்ததால் வந்த கேடு இது. 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஒழுங்காக அமைந்த தொழிற்சங்கங்களுள் இந்தியாவிலேயே முன்னோடி என்று அதனைப் போற்றுவர். செல்வபதியும் இராமானுசலுவும் முயன்று, வாடியா தலைமையேற்ற அவ்வமைப்பில், திரு.வி.க. தம் தேன்தமிழால் ஆலைத் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். உரிமை என்னும் உணர்வு அவர்தம் நெஞ்சில் தமிழ் வழியாகவே புகுந்தது. ஆனால், பின்னி குழுமம் அத்தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்து உயர்முறைமன்றத்தில் தடையாணை பெற்றபோது, அத்தடையாணை ஆங்கிலத்தில் இருந்தது. அவ்வழக்கு எழுப்பிய அதிர்ச்சியே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. எனவே, இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் வேரில் ஊறியிருப்பது சென்னைத் தமிழ்த் தொழிலாளியின் வியர்வை. வேருக்கு நீர் ஊற்றியவன், அம்மரத்தின் இலையில் எழுதியிருப்பதைப் படிக்க இயலாமல் நிற்கின்றான்.

"தமிழில் இதெல்லாம் முடியுமா?" என்று இரங்குவோர் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். வேலைநிறுத்தம், கதவடைப்பு, ஆட்குறைப்பு, பணிநீக்கம், பணிக்கொடை, நிலையாணை, மிகைநேரக் கூலி, உடன்பாடு: இவையெல்லாம் எம்மொழிச் சொற்கள்? படிக்காத தொழிலாளியும் நாள்தோறும் பயன்படுத்தும் சொற்கள் இவற்றுள் பல. 1957ஆம் ஆண்டிலேயே ஆட்சிச் சொல்லகராதி வெளிவந்துவிட்டது. சொல் இல்லை என்பது பொய். எழுத மனம் இல்லை என்பதே மெய்.

"வெளிநாட்டு முதலீடு ஓடிவிடுமே!" என்று அஞ்சுவோருக்குக் கனடாவின் கியூபெக்கு மாநிலத்தைக் காட்டுவோம். சுற்றிலும் ஆங்கிலக் கடல். இருந்தும், பிரெஞ்சு மொழி பேசும் அம்மக்கள் 1977ஆம் ஆண்டு தங்கள் மொழிச் சட்டத்தை இயற்றினர். முதலாளி தன் பணியாளருக்கு எழுதுவதைப் பிரெஞ்சில் எழுதவேண்டும். கூட்டு உடன்பாடுகள் பிரெஞ்சில் அமையவேண்டும். வேற்றுமொழி தெரியவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாகாது என்று வரையறுத்தனர். ஆய்வையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அங்குள்ள லாவல் பல்கலைக்கழகம் தொழிலுறவு ஆய்வுக்கென 1945ஆம் ஆண்டிலிருந்து ஓர் இதழ் நடத்துகின்றது. அதில் பிரெஞ்சுக் கட்டுரைகளும் ஆங்கிலக் கட்டுரைகளும் அருகருகே நிற்கின்றன. ஆங்கிலத்தை அவர்கள் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. தங்கள் மொழியைத் திண்ணையில் படுக்கவிடவும் இல்லை.

"இன்று ஒரகடத்திலும் மறைமலைநகரிலும் வடபுலத்துத் தொழிலாளர் பலர் இருக்கின்றனரே, அவர்களுக்குத் தமிழ் தெரியாதே!" என்பது அடுத்த தடை. இக்கேள்வியை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வயிற்றுக்காக வந்தவன் நம் பகைவன் அல்லன். தன் மொழியில் ஒரு சொல்லும் எழுதப்படாத தொழிலகத்தில் அவன் நம்மினும் ஏழையாக நிற்கின்றான். ஆனால், அவனைக் காட்டித் தமிழை நீக்குவோர், அவனுக்காகவா பேசுகின்றனர்? இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் இருந்தால் யாருக்கு ஆதாயம் என்று எண்ணிப் பாருங்கள். தொழிலகக் குழுக்களுக்குப் பேர்போன செருமனியில், செருமன் மொழி அறியாத அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் குழுத் தேர்தலின் முறையை விளக்கித் தெரிவிக்கவேண்டும் என்று தேர்தல் நெறியே கூறுகின்றது. அதனால் அங்குச் செருமன் மொழி இருக்கையிழந்து போகவில்லை. அதுபோல், இங்கும் தொழிலகத்தின் பொதுமொழி தமிழாகட்டும். வந்தவனுக்கு அவன் மொழியிலும் விளக்கம் கிடைக்கட்டும். அவன் தமிழ் கற்க மாலை வகுப்பு நடக்கட்டும். இதுவே அறம், இதுவே தொழிலாளர் ஒற்றுமைக்கும் வழி.

முதலாளி தமிழனாயின் இக்குறைகள் நீங்கிவிடும் என்று எவரும் மயங்கற்க. வீட்டு வாயிலில் தமிழில் பெயர்ப்பலகை வைத்து, தமிழ் விழாவுக்கு நன்கொடையும் தந்து, தொழிலக வாயிலில் ஆங்கிலத் தாளை ஒட்டும் தமிழ் முதலாளிகள் உள்ளனர். அவர்தம் தமிழ்ப்பற்றை அளக்க நமக்கு ஒரே அளவுகோல்தான்: அவர்கள் தம் தொழிலாளிக்கு எழுதும் மடல் எம்மொழியில் இருக்கின்றது?

இக்கேள்வி முன்னினும் இப்பொழுது கூர்மையாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முன்பு நூறு தொழிலாளர் இருந்தால் நிலையாணை கட்டாயம்; புதிய தொகுப்பின்படி முந்நூறு பேர் இருந்தால்தான் கட்டாயம். நூற்றைம்பது பேர் தைக்கும் ஆடையகத்திற்கு இனி எழுதிய நெறியே கட்டாயமில்லை. எழுத்தே இல்லாதபோது எந்த மொழி எழுத்து என்று கேட்பது எப்படி? எந்தத் தொழிலிலும் பதினான்கு நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்தல் கூடாது என்றும் அது கூறுகின்றது. முன்னறிவிப்பு எப்படிக் கொடுப்பது, என்று தொடங்கி என்று முடிவது என்பன தெரியாமல் தவறினால், தொழிலாளியின் போராட்டமே சட்டத்திற்குப் புறம்பாகிவிடும். இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிலகங்களில் குறைதீர் குழு அமைக்கவேண்டும் என்னும் நன்மையும் அதில் உண்டு. ஆனால், குறையைச் சொல்பவன் மொழியில் குழு நடவாவிட்டால் குறை தீருமா?

தாம்பரத்திற்கு மேற்கே, சுங்குவார்சத்திரத்திற்கு அருகில், சாம்சங்கு தொழிலகத்தில் 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு திங்களுக்கு மேல் நடந்த வேலைநிறுத்தம் நமக்கு ஒரு பாடம். தொழிலாளர் கேட்டவற்றுள் தலையாயது, தாங்கள் அமைத்த தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்பதே. இடையில் குழுமம் "தொழிலாளர் குழு" ஒன்றோடு உடன்பாடு செய்துகொண்டது. போராடிக் கொண்டிருந்தோர் அதனை ஏற்கவில்லை. அச்சங்கம் பதிவானது 2025 சனவரியில்தான். தொழிலாளி தன் வாயால் தன் ஆளைத் தேர்ந்தெடுக்காத இடத்தில், குழு என்று எழுதினாலும் கூட்டுறவு என்று எழுதினாலும் அது ஒத்துழைப்பு ஆகாது. வாய் தன்னுடையதாக வேண்டுமாயின் மொழியும் தன்னுடையதாக வேண்டும்.

ஆகவே, நாம் கேட்பவை இவை. முதலாவது, தமிழ்நாட்டுத் தொழிலாளரைப் பற்றிய எந்த ஆய்வேடாயினும் தமிழிலேயே அமையவேண்டும்; ஆங்கிலத்தில் எழுதுவோர் முழுமையான தமிழ்ப் படியையும் உடன் தரவேண்டும்; அப்படி ஒன்று, விடை சொன்ன தொழிலாளர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். இரண்டாவது, பணிக்குழு, குறைதீர் குழு ஆகியவற்றின் அழைப்பும் பதிவும் முடிவும் தமிழில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, குற்றச்சாட்டுத் தாளும் உள் உசாவலும் பணிவிலகல் மடலும் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் இல்லையெனில் அவை செல்லா என்று தமிழ்நாட்டரசு நெறி வகுக்கவேண்டும். நான்காவது, நடுவணரசுச் சட்டங்களுக்கு மாநில மொழிகளில் ஒப்புதல் பெற்ற பாடம் வெளியிட 1973ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகின்றது. அவ்வழியில் புதிய தொழிலாளர் தொகுப்புகள் நான்கின் தமிழ்ப் பாடமும் ஒவ்வொரு தொழிலக வாயிலிலும் தொழிலாளி கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருத்தல் ஆகாது. இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுள் தொழிலகத்தில் பணியாற்றுவோர் பலர். நாளை வேலைக்குப் போகும்போது வாயிலருகே நின்று பாருங்கள். நிலையாணைப் பலகை இருக்கின்றதா? இருந்தால் அதில் தமிழ் இருக்கின்றதா? இல்லையேல், உங்கள் தொழிற்சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள். அவ்வெழுத்தைத் தமிழில் எழுதுங்கள். கல்லூரியில் பயிலும் இளைஞர்களே! உங்கள் ஆய்வுக்கு விடை சொல்லும் தாய்க்கும் தங்கைக்கும் அவ்வாய்வை அவர்கள் மொழியில் திருப்பிக் கொடுங்கள். விளங்காத தாளில் கையொப்பமிட மாட்டோம் என்று பல்லாவரம் முதல் மறைமலைநகர் வரை ஒவ்வொரு கையும் நின்றுவிடுமானால், அந்நாளே முதலாளி தமிழ் கற்கத் தொடங்கும் நாள். ஒத்துழைப்பு என்னும் சொல்லுக்கு இம்மண்ணில் பொருள் பிறக்கும் நாளும் அதுவே.